நெல்லை பக்கம் ஒரு செம்மண் பாலைவனம்: தேரிக்காட்டில் இரவு வானத்தைப் படம் பிடிப்பது எப்படி? எப்போது போகலாம், யாரிடம் அனுமதி வாங்கணும்?

பாலைவன மணல்மேடு, அதற்கு மேலே வளைந்து நிற்கும் பால்வீதி. இன்ஸ்டாகிராமில் இந்த மாதிரி படம் வந்தாலே கீழே கமென்ட்டில் ஒரே கேள்விதான்: "இது ராஜஸ்தானா, லடாக்கா?" தமிழ்நாட்டில் இப்படி ஒரு இடம் கிடையாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் திருநெல்வேலியிலிருந்து தென்கிழக்கே ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டினால் காலுக்குக் கீழே ரத்தச் சிவப்பில் மணல், சுற்றிலும் பனைமரம், ராத்திரியில் தலைக்கு மேலே தென் வானம். அதுதான் தேரிக்காடு.

சினிமாக்காரர்களுக்கு இந்த இடம் எப்போதோ தெரியும். இரவு வானத்தைப் படம் பிடிப்பவர்கள்தான் தாமதமாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர்கள் கொஞ்சம் வேகமாக வரவேண்டியிருக்கிறது. ஏன் என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

தேரி என்பது உண்மையிலேயே பாலைவனமா?

கண்ணுக்குப் பாலைவனம், கணக்குக்கு இல்லை. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்யும் இடத்தைத்தான் பொதுவாகப் பாலைவனம் என்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் மழை உண்டு. ஆனால் பெய்கிற தண்ணீரை மணல் உடனே உள்ளே இழுத்துக்கொள்கிறது. மேலே எதுவும் தங்காது. அதனால்தான் அந்த வறண்ட தோற்றம்.

தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டும்போது மழையை மேற்கே கொட்டிவிட்டு, கிழக்கே வெறும் வேகத்தோடு இறங்குகிறது. அந்தக் காற்று பல்லாயிரம் ஆண்டுகளாகக் குவித்த மணல்தான் இந்த மேடுகள். மணல் துகளைச் சுற்றி இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் சிவப்பு நிறம்.

திருச்செந்தூர், சாத்தான்குளம், உடன்குடிக்கு நடுவே இருக்கும் குதிரைமொழித் தேரிதான் பலருக்கும் தெரிந்தது. அங்கே தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில் இருக்கிறது. நெல்லை மாவட்ட எல்லைக்குள்ளேயே இட்டமொழிப் பக்கமும் தேரி உண்டு. 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரியும் வரை இந்த மொத்த நிலமும் திருநெல்வேலி மாவட்டம்தான். தாமிரபரணிப் பாசனத்தில் வாழையும் நெல்லுமாகப் பச்சைப்பசேல் என்று கிடக்கும் வயலைத் தாண்டி, கொஞ்ச தூரத்திலேயே இப்படி ஒரு மணல்காடு இருப்பது முதன்முறை வருகிறவர்களை அசர வைக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தேரி மணலில் ஆதிமனிதர்கள் பயன்படுத்திய நுண்கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. ஸாய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். கூர்மையான சின்னச் சின்னக் கல் சில்லுகளைப் பார்த்தால் ஞாபகார்த்தமாகப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

லடாக்கில் கிடைக்காதது இங்கே என்ன கிடைக்கிறது?

இருட்டு என்று பார்த்தால் லடாக்கின் ஹான்லேதான் ராஜா. 4,500 மீட்டர் உயரம், காய்ந்த காற்று, சுற்றிலும் ஊரே இல்லை. 2022-ல் அதைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டரை இருண்ட வான் காப்பகமாக அறிவித்தார்கள். தேரி அந்த அளவுக்கு இருட்டு இல்லை, காற்றில் கடலோர ஈரப்பதமும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் தெற்கு வானம் என்று வந்துவிட்டால் கதையே வேற. காரணம் அட்சரேகை. தேரி இருப்பது ஏறக்குறைய 8.5 டிகிரி வடக்கில், ஹான்லே 32.8 டிகிரி வடக்கில். பால்வீதியின் பிரகாசமான மையப்பகுதி தனுசு ராசிப் பக்கம் இருக்கிறது. ஹான்லேயில் அது அதிகபட்சம் 28 டிகிரி உயரம்தான் ஏறும். தேரியில் 52 டிகிரி வரை ஏறும். அடிவானத் தூசியையும் புகைமூட்டத்தையும் விட்டு நன்றாக மேலே வந்துவிடுகிறது.

தென்சிலுவை ஹான்லேயில் தெரியவே தெரியாது. நம்ம ஊரில் திரிசங்கு என்று சொல்லும் அதே நட்சத்திரக் கூட்டம்தான். தேரியில் அது 20 டிகிரிக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். கையை முழுசாக நீட்டி முஷ்டியை மடக்கினால் அது சுமார் 10 டிகிரி. அடிவானத்திலிருந்து இரண்டு முஷ்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாத நடுவில் இரவு 9 மணி வாக்கில் நேர் தெற்கே பார்க்கலாம்.

அப்புறம், அகத்தியர். கனோபஸ் என்ற நட்சத்திரத்தை இந்திய மரபில் அகத்திய நட்சத்திரம் என்பார்கள். இரவு வானத்தில் சிரியஸுக்கு அடுத்து அதிகம் பிரகாசிப்பது அதுதான். தாமிரபரணி பிறக்கிற பொதிகையும் அகத்தியர் மலைதானே! பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிக்கு தேரியில் நின்று நேர் தெற்கே பார்த்தால், மூன்று முஷ்டி உயரத்துக்குக் கொஞ்சம் கீழே அது தனியாக ஜொலிக்கும். அதே நட்சத்திரம் தென்மேற்கில் மறையும். அதனால் கடையம், ஆழ்வார்குறிச்சிப் பக்கம் நின்றால் ஏப்ரல் நடுவில் இரவு 10 மணிக்கு முன்பே மலைத்தொடருக்குப் பின்னால் அது இறங்குவதைப் படமெடுக்கலாம். அகத்தியர் நட்சத்திரமும் அகத்தியர் மலைத்தொடரும் ஒரே பிரேமில். இந்தப் படத்துக்காகத் தேரிக்கே போக வேண்டியதில்லை, காட்டுக்குள்ளும் போக வேண்டியதில்லை. மலையடிவார ஊரிலேயே எடுத்துவிடலாம். மலைக்கு உள்ளே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், ராத்திரியில் அங்கே வேலையே இல்லை.

நட்சத்திரச் சுவடு எடுப்பவர்களுக்கும் இங்கே ஒரு விசேஷம் உண்டு. வட நாட்டில் எடுத்த படங்களில் துருவ நட்சத்திரத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கோடுகள் வரும். இங்கே துருவ நட்சத்திரமே அடிவானத்தை ஒட்டி, ஒரு முஷ்டிக்கும் குறைவான உயரத்தில் கிடக்கிறது. அதனால் வட்டத்தில் கீழ்ப்பகுதி பூமிக்குள் போய்விடும். அதற்குப் பதில் கிழக்கே கேமராவைத் திருப்புங்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நட்சத்திரங்கள் ஏறக்குறைய செங்குத்தாக ஏறும். பனைமரங்களுக்கு மேலே மழை தலைகீழாகப் பெய்கிற மாதிரி கோடுகள் விழும். இதை ஹான்லேக்காரர்கள் எடுக்க முடியாது.

எந்த மாதம், எந்த நேரம்?

முதலில் தினசரி காலண்டரைப் பாருங்கள். அமாவாசைக்கு முன்னும் பின்னும் நான்கைந்து நாள்தான் உங்கள் நாள். பௌர்ணமியில் போனால் மணல் அழகாகத் தெரியும், பால்வீதி தெரியாது.

மாதக் கணக்கில் பார்த்தால் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் சிறந்தது. வடகிழக்குப் பருவமழை முடிந்து வானம் தெளிந்திருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். பால்வீதி மையம் பிப்ரவரி 20 வாக்கில் அதிகாலை 2.20 மணிக்குத் தென்கிழக்கில் எழும். மார்ச் 20 வாக்கில் நள்ளிரவு கடந்து 12.20-க்கு. ஏப்ரல் 20 வாக்கில் இரவு 10.20-க்கே வந்துவிடும். மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாடி என்ற கணக்கு ஞாபகம் இருந்தால் போதும். எழுந்ததும் படமெடுக்க அவசரப்படாதீர்கள், மூன்று மணி நேரமாவது மேலே வரட்டும். விடியல் வெளிச்சம் மார்ச்சில் 5.10 வாக்கிலேயே தொடங்கிவிடும், அதற்குள் முடித்தாக வேண்டும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பால்வீதி ராத்திரி முழுக்க இருக்கும். ஆனால் ஆடிக்காற்று லென்ஸில் மணலை வாரி இறைக்கும், மேகமும் ஓடிக்கொண்டே இருக்கும். செப்டம்பரில் ஒரு சான்ஸ் உண்டு: பொழுது சாய்ந்ததுமே மையம் தென்மேற்குப் பக்கம் தெரியும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலம், நம்பிப் போகக்கூடாது.

கேமராவில் என்ன செட்டிங்?

நட்சத்திரம் நகர்கிறது, ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி. ஷட்டர் அதிக நேரம் திறந்திருந்தால் புள்ளி கோடாகிவிடும். அதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் எத்தனை விநாடி வரை போகலாம் என்று வரும். ஃபுல் பிரேம் கேமராவில் 24 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் சுமார் 20 விநாடி. சின்ன சென்சார் கேமராவில் 16 மில்லிமீட்டர் லென்ஸுக்கும் அதே 20 விநாடிதான் வரும். இப்போதைய கேமராக்களில் பிக்சல் அதிகம் என்பதால் இந்தக் கணக்கு கொஞ்சம் தாராளமானது. 15 விநாடி வைத்தால் புள்ளி புள்ளியாகவே நிற்கும்.

அப்பர்ச்சர் எஃப் 2.8 அல்லது அதைவிட அகலம். ஐஎஸ்ஓ 1600-ல் ஆரம்பித்து 6400 வரை போகலாம். ஒயிட் பேலன்ஸை 4000 கெல்வினுக்குப் பக்கத்தில் பூட்டிவிடுங்கள். ரா ஃபார்மட்டில் எடுக்காவிட்டால் பின்னால் எடிட் செய்ய ஒன்றும் இருக்காது.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது ஃபோகஸில்தான். ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் வேலை செய்யாது. லென்ஸில் இருக்கும் முடிவிலிக் குறியை நம்பியும் பிரயோஜனமில்லை, பல லென்ஸ்களில் அது கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். சிரியஸ் மாதிரி பெரிய நட்சத்திரம் ஒன்றைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, அது ஆகச் சின்னப் புள்ளியாகும் வரை வளையத்தைத் திருப்புங்கள். பிறகு அந்த வளையத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுங்கள், ராத்திரி முழுக்கக் கவலையில்லை.

ஒரே படத்தை நம்பாமல் அடுத்தடுத்து 16 படம் எடுத்து, சீக்வேட்டர் மாதிரி இலவச மென்பொருளில் அடுக்கினால் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகக் குறையும். சுவடு எடுக்கிறவர்களுக்கு ஸ்டார்ஸ்டாக்ஸ், அதுவும் இலவசம்தான்.

செல்போன் மட்டும்தான் இருக்கிறதா? பரவாயில்லை. பிக்சல் போன்களில் 2019 முதல் வானத்துக்கென்றே தனி மோட் உண்டு, போன் அசையாமல் இருந்தால் நான்கு நிமிடம் வரை எடுக்கும். ஐபோனின் நைட் மோட் ஸ்டாண்டில் வைத்தால் 30 விநாடி வரை போகும். சாம்சங்கில் எக்ஸ்பர்ட் ரா ஆப்பில் இதே வசதி இருக்கிறது. போன் எதுவாக இருந்தாலும் கையில் பிடித்து எடுக்க முடியாது. 300 ரூபாய் ஸ்டாண்டாவது வேணும், டைமரும் போட்டுக்கொள்ளணும்.

சிவப்பு மணல் படத்தில் கறுப்பாக விழுவது ஏன்?

தேரிக்கு வந்து ஏமாறுகிற முக்கியமான இடம் இதுதான். நிலா இல்லாத ராத்திரியில் மணலுக்கு நிறமே இருக்காது. வானம் பிரமாதமாக வரும், கீழே கறுப்புப் போர்வை. இது தேரி என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

இதற்கு மூன்று வழி இருக்கிறது. மூன்றாம் பிறை, நாலாம் பிறை நாட்களில் மாலையில் போனால், அந்தச் சின்ன நிலா வெளிச்சம் மணலின் நிறத்தையும் காற்று போட்ட வரிகளையும் காட்டிக்கொடுக்கும், வானத்தையும் கெடுக்காது. இல்லையென்றால், வானத்தை அதிகாலை 4 மணிக்கு எடுத்துவிட்டு, டிரைபாடை ஒரு அங்குலம்கூட அசைக்காமல் 5.30-க்கு மணலை எடுத்து இரண்டையும் சேர்க்கலாம். சேர்த்ததைச் சொல்லிவிட்டுப் போடுவதுதான் மரியாதை. மூன்றாவது, மஞ்சள் கலந்த சின்ன எல்இடி விளக்கை மிகக் குறைவாக வைத்து, பக்கவாட்டில் இருந்து மணல்மேல் படரவிடுவது. டார்ச்சை நேராக அடித்தால் வரிகள் எல்லாம் தட்டையாகிவிடும்.

கண்ணுக்கு சிவப்பு டார்ச்சே நல்லது. இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், ஒரு தடவை போன் திரையைப் பார்த்தால் எல்லாம் போச்சு. சிவப்பு வெளிச்சம் அந்தப் பழக்கத்தைக் கெடுக்காது. ஆனால் சிவப்பு டார்ச்சில் சிவப்பு மணலைப் படமெடுத்தால் ஒரு விவரமும் மிஞ்சாது, அதைக் கலந்துவிட வேண்டாம்.

டிரைபாட் கால்களை மணலில் நன்றாக அழுத்தி இறக்குங்கள், நடுக்கம்பை உயர்த்தாதீர்கள். லென்ஸ் மாற்றுவதாக இருந்தால் காருக்குள் மட்டும். தேரி மணல் மாவு மாதிரி நைஸ், சென்சாருக்குள் போனால் சர்வீஸ் செலவு லென்ஸ் விலையில் பாதி வரும். கடல் பக்கம் என்பதால் பின்னிரவில் பனி இறங்கும், லென்ஸ் கண்ணாடி மூடிக்கொள்ளும். கைசூட்டுப் பை ஒன்றை லென்ஸைச் சுற்றி ரப்பர் பேண்டால் கட்டினால் தப்பிக்கலாம்.

யாரிடம் அனுமதி?

தேரியின் பெரும்பகுதி வனத்துறையின் காப்புக்காடு. அனுமதியில்லாமல் உள்ளே போவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882-ன் கீழ் குற்றம். குதிரைமொழிப் பக்கம் என்றால் திருச்செந்தூர் வனச்சரக அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். ராத்திரி அனுமதி கிடைக்காமலும் போகலாம். அப்போது காட்டுக்கு வெளியே இருக்கும் பட்டா நிலம்தான் வழி. ஊர்க்காரர்களின் பனை விளைகளும் கொல்லாந்தோப்புகளும் அங்கே நிறைய உண்டு. முந்திரியைத்தான் அந்தப் பக்கம் கொல்லா என்பார்கள். நிலத்துக்காரரிடம் பகலிலேயே போய்ப் பேசிவிட்டு வாருங்கள். நடுராத்திரியில் டார்ச்சோடு தோப்பில் திரிகிற ஆளை ஊர் என்னவென்று நினைக்கும்? மண் திருட்டு, மரத் திருட்டு என்று ஏற்கெனவே ஆயிரம் பிரச்சினை இருக்கிற பகுதி அது.

கோயில் எல்லைக்குள் போட்டோ எடுப்பதற்குக் கோயில்காரர்களிடம் தனியாகக் கேட்கணும். டிரோன் கொண்டுவருகிறவர்கள் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிட வேண்டாம், கூடங்குளம் அந்தப் பக்கம்தான்.

தனியாகப் போகவே கூடாது. மணலில் தடம் நிற்காது, பகலில் அடையாளம் வைத்த பனை ராத்திரியில் எல்லாப் பனை மாதிரியும்தான் இருக்கும். வண்டி நிறுத்திய இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துவிட்டு நடங்கள். பாம்பும் தேளும் உண்டு, உடைமுள் செருப்பைத் துளைக்கும். ஷூ போடுங்கள், பையை மணலில் திறந்துவைக்காதீர்கள்.

இந்த இருட்டு எத்தனை நாளைக்கு?

தேரியின் பெரிய பலமே அதன் தெற்கு. தூத்துக்குடி வடகிழக்கே, நெல்லை வடமேற்கே. பால்வீதி மையமும் தென்சிலுவையும் அகத்தியர் நட்சத்திரமும் இருக்கிற தெற்குப் பக்கம் மட்டும் கொஞ்ச தூரத்தில் நிலம் முடிந்து கடல் வந்துவிடும். பெரிய நகரமே கிடையாது. மணப்பாடு, பெரியதாழை மீனவர்களின் படகு விளக்குகள் மட்டும்தான்.

அந்தப் பக்கம்தான் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். சின்ன ராக்கெட்டுகளை இலங்கையைச் சுற்றாமல் நேரே தெற்கே அனுப்பலாம் என்பதுதான் அந்த இடத்தின் லாபம். படமெடுப்பவர்களுக்கு அந்தத் தெற்குதான் தேவை, ராக்கெட்டுக்கும் அதே தெற்கு. உடன்குடியில் 1,320 மெகாவாட் அனல் மின் நிலையம், ராதாபுரம் பக்கம் காற்றாலைகளின் சிவப்பு மினுக்கு விளக்குகள், ஊர் ஊருக்கு வெள்ளை எல்இடி தெருவிளக்கு எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. யாரையும் குறை சொல்ல முடியாது, தெருவில் வெளிச்சம் வேண்டும் என்று கேட்பது நியாயம்தான்.

உலகம் முழுக்க இதே கதை. வெறும் கண்ணால் நட்சத்திரம் எண்ணியவர்கள் அனுப்பிய 51,000-க்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து 2023-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2011 முதல் 2022 வரை இரவு வானம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் வெளுத்திருக்கிறது என்றது அது. ஒரு குழந்தை பிறக்கும்போது 250 நட்சத்திரம் தெரிகிற இடத்தில், அதற்கு 18 வயதாகும்போது 100-தான் தெரியும்.

தடுக்க முடியாத விஷயமும் இல்லை. விளக்குக்கு மேல் மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்கு மட்டும் விடுவது, நீலம் கலந்த வெள்ளைக்குப் பதில் 3000 கெல்வினுக்குக் கீழே மஞ்சள் விளக்கு போடுவது, ஆள் இல்லாதபோது அணைப்பது. இவ்வளவுதான். ஹான்லேயில் இதைச் செய்ததோடு, கிராமத்து இளைஞர்களுக்குத் தொலைநோக்கி கொடுத்துப் பயிற்சியும் கொடுத்தார்கள், சுற்றுலா வருமானம் ஊருக்கே போகிறது. மகாராஷ்டிராவின் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024-ல் இந்தியாவின் முதல் இருண்ட வான் பூங்கா ஆனது. தமிழ்நாட்டிலும் கொல்லிமலையில் இப்படி ஒரு பூங்கா அமைக்க அரசு அறிவித்தது. தேரியின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

தேரிக்குப் போய்வந்தவர்கள் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை உண்டு. ஒரே இடம், ஒரே லென்ஸ், ஒரே செட்டிங், தெற்குப் பக்கம், ஆண்டுக்கு ஒரு படம். தேதியும் நேரமும் குறித்து, எடிட் செய்யாத ரா ஃபைலை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஏவுதளம் இயங்கத் தொடங்கிய பிறகு எவ்வளவு வெளிச்சம் கூடியது என்று கேள்வி வந்தால், அளந்து காட்ட அந்த ஃபைல்கள் இருக்கும். வானத்தை அடையாளம் காணவே தெரியாது என்பவர்கள், 1987-லிருந்து நெல்லை கொக்கிரகுளத்தில் இருக்கும் மாவட்ட அறிவியல் மையத்தில் வான்நோக்கு நிகழ்ச்சி எப்போது என்று விசாரித்துவிட்டு, அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.